கேள்வி – பதில்: கொட்டகைக்கு அடியில் காற்று ஓடட்டும்

தோட்டத்துக் கருவிக் கொட்டகை, கோழிக்கூடு, விறகு அறை என்று வெளியில் நிற்கும் சிறிய மரக் கட்டுமானங்களின் தரையும் சட்டமும் மக்கிப்போவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எட்டடிக்கு ஆறடியில் மரக் கொட்டகை வைத்திருக்கிறோம். மண்ணில் செங்கல் பரப்பி அதன்மேல் அடிக்கட்டைகளைக் கிடத்தியிருக்கிறது. இரண்டு மழைக்காலம் கடந்ததும் தரை அங்கங்கே அமுங்குகிறது. மேலே இரண்டு கோட் வார்னிஷ் அடித்தும் ஏன் இப்படி?

பதில்: வார்னிஷ் இருப்பது மேலே, ஈரம் வருவது கீழே. செங்கல் தண்ணீரை உறிஞ்சும் பொருள். ஈரமண்ணில் கிடக்கும் செங்கல் தன்மேல் கிடக்கும் மரத்துக்கு ஓதத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும். மண்ணிலிருந்து எழும் நீராவியும் பலகையின் அடிப்புறத்தில் தங்கும். மேல்புறம் வார்னிஷால் அடைபட்டிருப்பதால் உள்ளே போன ஈரம் மேல்வழியாக வெளியேறவும் முடியாது. அப்படிப் பார்த்தால் அந்த வார்னிஷ் உங்களுக்குக் கெடுதலே செய்திருக்கிறது.

மரம் நனைவதால் மட்டும் மக்குவதில்லை. காய்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட, அதிலுள்ள ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை வேலை செய்யாது. ஈரம் 30 சதவீதத்தை ஒட்டிப் போய் வாரக்கணக்கில் அங்கேயே நின்றால்தான் நார் கெடத் தொடங்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து காயும் மரம் நெடுங்காலம் உழைக்கும். ஆகவே எந்த மூட்டைச் செய்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இங்கே வந்த தண்ணீர் எப்படி வெளியே போகும்? போனபின் இந்த இடத்தை எந்தக் காற்று காயவைக்கும்? இரண்டுக்கும் பதில் இருந்தால் சாதாரண மரம்கூடத் தாங்கும். பதில் இல்லாத இடத்தில் வைரம் பாய்ந்த மரமும் தாமதமாகத்தான் கெடும், கெடாமல் இருக்காது.

உங்கள் கொட்டகைக்கு முதலில் வேண்டியது சரியான அடிமேடை. புல்லையும் மேல்மண்ணையும் 4 அங்குலம் வழித்தெடுங்கள். வழித்த தரைக்கு ஒரு பக்கமாக, பத்தடிக்கு இரண்டரை அங்குலம் வீதம் வாட்டம் கொடுங்கள். அதன்மேல் நெய்யாத ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு, மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, தூசி சலித்த 20 மி.மீ. உடைகல் ஜல்லியை 6 அங்குல உயரத்துக்கு, இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு ஒவ்வோர் அடுக்கையும் திமிசால் இடியுங்கள். மேடை கொட்டகையைவிட நான்கு பக்கமும் ஓரடி அகலமாக இருக்க வேண்டும். அதாவது பத்தடிக்கு எட்டடி. இதற்கு 40 கன அடி ஜல்லி பிடிக்கும். இடிக்கும்போது அமுங்கும் என்பதால் 45 கன அடி வாங்குங்கள்.

இதில் தவறுகிற இடங்கள் இரண்டு. ஒன்று, தூசி கலந்த ஜல்லி. இடித்தால் கெட்டியாக நிற்கிறது என்று அதை விரும்பிப் போடுகிறார்கள். ஆனால் அந்தத் தூசி நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மேலே ஏற்றவும் செய்யும். இரண்டு, களிமண் நிலத்தில் ஆழக் குழி வெட்டி ஜல்லியால் நிரப்புவது. களிமண் தண்ணீரை விடாது என்பதால் அந்தக் குழி தொட்டியாகிவிடும். களிமண்ணாக இருந்தால் மேடையைத் தரைக்கு மேலே எழுப்புங்கள், அல்லது தாழ்ந்த மூலையிலிருந்து தண்ணீர் வெளியே ஓட ஒரு வாய்க்கால் விடுங்கள்.

ஜல்லிமேல் செங்கல் வேண்டாம். கான்கிரீட் பிளாக்குகளை வரிசைக்கு மூன்றாக, மூன்று வரிசையில் ஒன்பது வையுங்கள். ரசமட்டம் பிடித்து எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தபின், ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் ஒரு துண்டுத் தார் ஷீட் போட்டு அடிக்கட்டைகளை ஏற்றுங்கள். கட்டையின் அடிமட்டத்துக்கும் நிலத்துக்கும் குறைந்தது 6 அங்குல இடைவெளி வேண்டும். கீழே ஒரு பக்கம் குனிந்து பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். கறையான் மண்குழாய் கட்டினாலும் அந்த இடைவெளியில்தான் உங்கள் கண்ணில் படும்.

கேள்வி: கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் மரச் சுவர் எழுப்பினோம். தளம் சுவரைவிட நான்கங்குலம் வெளியே நீண்டிருக்கிறது. இப்போது சுவரின் அடிச்சட்டம் முழுதும் கறுத்திருக்கிறது. உள்ளே தரையிலும் ஈரம். சிலிக்கான் போட்டு அடைத்தும் நிற்கவில்லை.

பதில்: நீண்டிருக்கும் அந்த நான்கங்குலம்தான் காரணம். சுவரில் வழியும் மழைநீர் அந்த விளிம்பில் நின்று, அடிச்சட்டத்துக்கு அடியில் நுழைகிறது. கூரையிலிருந்து விழும் நீரும் அதில் அடித்துச் சுவர்மேல் தெறிக்கிறது. சிலிக்கான் வெளிப்பக்கத்தை அடைத்ததும், வேறு வழியாக உள்ளே போன நீர் வெளியே வர இருந்த ஒரே சந்தும் மூடிப்போனது. சுவர்ப்பலகையின் அடிவிளிம்பை எப்போதும் அடைக்காதீர்கள். முதல் வேலையாக அந்தச் சிலிக்கானைக் கீறி எடுங்கள்.

தளம் சுவர்ச் சட்டத்தின் அளவுக்கே இருந்து, சுவர்ப்பலகை தளத்தின் மேல்மட்டத்தைத் தாண்டி ஓரங்குலம் கீழே தொங்கியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது. புதிதாகக் கட்டப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்த உங்களுக்கு இரண்டு வழி. தளத்தின் விளிம்பைக் கட்டிங் மெஷினால் சுவரோடு ஒட்ட அறுத்தெடுப்பது ஒன்று. தூசியும் உழைப்பும் அதிகமானாலும் நிரந்தரத் தீர்வு இதுதான். மற்றது, துத்தநாகம் பூசிய தகட்டைச் சுவரோரம் முழுக்க மடித்துப் போடுவது. தகட்டின் மேல்மடிப்பு சுவர்ப்பலகைக்குப் பின்னால் குறைந்தது 3 அங்குலம் ஏறியிருக்க வேண்டும். படுக்கைப் பகுதி வெளியே சரிந்து, தள விளிம்பைத் தாண்டி அரை அங்குலம் கீழே மடங்க வேண்டும். பலகையின் அடிவிளிம்பைத் தகட்டிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்கும்படி அறுத்துவிடுங்கள். தகட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் பலகையின் தலைப்பு, அதாவது குறுக்கே அறுத்த முனை, தண்ணீரைக் குடிக்கும். தகட்டைப் பலகைக்கு முன்னால் வைத்து ஆணி அடித்து மேலே சீலன்ட் தடவும் குறுக்குவழி வேண்டாம். சீலன்ட் விரிந்த அன்றைக்கே சுவரில் வழியும் நீரெல்லாம் தகட்டுக்குப் பின்னால் போய்விடும்.

உள்தரையின் ஈரம் மழையால் வருகிறதா, தளத்தின் அடியிலிருந்து ஏறுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்றரை அடிச் சதுரமாகப் பாலித்தீன் ஷீட் வெட்டித் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். எடுக்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஓதம் கீழிருந்து வருகிறது. தளம் போடும்போதே அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்திருந்தால் தடுத்திருக்கலாம். இனிமேல் செய்ய முடிந்தது, தளத்தின் மேல் ஈரத்தடுப்பு எப்பாக்ஸி பூசுவதும், அடிச்சட்டத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே தார் ஷீட் நுழைப்பதும்.

கேள்வி: தூண்களைக் கான்கிரீட்டில் ஊன்றினால்தானே உறுதி?

பதில்: காற்றுக்கு உறுதி, தண்ணீருக்கு இல்லை. மரம் சுருங்கும்போது தூணைச் சுற்றிக் கான்கிரீட்டில் மயிரிழைச் சந்து விழும். அதில் இறங்கும் மழைநீர் அங்கேயே கிடக்கும். தூண் தரைமட்டத்தில்தான் இறும், ஆழத்தில் அல்ல. ஆழத்தில் பூஞ்சைக்கு வேண்டிய காற்று கிடைப்பதில்லை. தரைமட்டத்தில் காற்று, ஈரம் இரண்டும் உண்டு. கான்கிரீட்டில் தூணின் அடியைத் தாங்கும் இரும்புக் காலணியைப் பதித்து, தூணின் அடி கான்கிரீட்டிலிருந்து ஓரங்குலமாவது உயர்ந்து நிற்கும்படி போல்ட்டால் பிடியுங்கள். ஏற்கெனவே ஊன்றிய தூணாக இருந்தால், சுற்றியுள்ள கான்கிரீட்டை வெளிப்பக்கம் சரியும்படி பூசி நிலமட்டத்துக்கு 2 அங்குலம் மேலே முடியுங்கள். ஆயுள் கொஞ்சம் கூடும்.

கேள்வி: பழைய என்ஜின் ஆயில் அடித்தால் மரம் கெடாது என்கிறார்கள். தார் பூசலாமா? கடையில் கிடைக்கும் மருந்துகளில் எதை எங்கே அடிப்பது?

பதில்: என்ஜின் ஆயில் வேண்டாம். அது மேல்நாரில் மட்டும் ஊறி, மழையில் கழுவிக்கொண்டு மண்ணில் இறங்கும். அதிலுள்ள உலோகத் துகள்களும் எரிந்த எண்ணெய்க் கசடும் தோலுக்கும் மண்ணுக்கும் நஞ்சு. அடித்தபின் அந்த மரத்தில் பெயிண்டும் பிடிக்காது. தாரை மரத்தின் எல்லா முகத்திலும் பூசினால் மேலே ஒரு வெடிப்பில் இறங்கிய நீர் உள்ளேயே சிறைப்படும். வெளியே பளபளவென்று இருக்கும் கட்டை உள்ளே பொடியாகியிருப்பதைப் பிளந்து பார்த்தால்தான் தெரியும்.

மருந்தில் இரண்டு வகையை நினைவில் வைத்தால் போதும். மழைபடும் இடத்துக்கும் மண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் மரத்துக்கும் செம்புச் சத்துள்ள மருந்து, உதாரணமாகக் காப்பர் நாப்தனேட். மழை நேராகப் படாத உட்சட்டங்களுக்குப் போராக்ஸ் கரைசல். 10 லிட்டர் வெந்நீரில் 600 கிராம் போராக்ஸும் 400 கிராம் போரிக் அமிலமும் கரைத்து, நல்லபடி சொட்டும் அளவுக்கு இரண்டு முறை அடியுங்கள். போராக்ஸ் பூஞ்சையையும் கறையானையும் தடுக்கும், மரத்தினுள் ஆழமாக இறங்கும். ஆனால் தண்ணீரில் கரைவது தண்ணீரிலேயே போய்விடும் என்பதால் மழைபடும் இடத்தில் அடித்துப் பயனில்லை. இரண்டையும் கையுறை போட்டு அடிக்க வேண்டும். குழந்தைகள், கால்நடைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். கரைசலைச் செடியடியில் கொட்டக் கூடாது.

எதை அடித்தாலும் முதலில் தலைப்புகளைக் கவனியுங்கள். மரத்தின் குறுக்குவெட்டு முகம் உறிஞ்சுகுழல்களைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போன்றது. நீர் அந்த வழியாகத்தான் வேகமாக ஏறும். பக்கவாட்டு முகங்களுக்கு மூன்று கோட் அடித்துவிட்டுத் தலைப்பை விட்டுவிட்டால் மருந்து வீண். ஆலையிலேயே அழுத்தத்தில் மருந்தேற்றிய மரம் வாங்கினாலும், நீங்கள் அறுக்கிற ஒவ்வொரு இடத்திலும் மருந்தேறாத உட்பகுதி வெளிப்படும். அறுத்த உடனே, சட்டத்தில் பொருத்தும் முன்பே, அந்த முகத்தில் காப்பர் நாப்தனேட்டை அது உறிஞ்சுவது நிற்கும்வரை தடவுங்கள். செம்பு மருந்து சாதாரண இரும்பு ஆணியை அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஆணியோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவோதான் போட வேண்டும்.

கேள்வி: தகரக் கூரை ஒழுகவில்லை. ஆனால் விடியற்காலையில் உள்ளே சொட்டுகிறது. கூரைநீர் விழும் பக்கத்துச் சுவரின் அடியும் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது.

பதில்: இவை இரண்டு வேறு சிக்கல்கள்.

விடியற்காலையில் சொட்டுவது உள்ளிருக்கும் காற்றின் ஈரம். இரவில் தகரம் வானத்தை நோக்கிச் சூட்டை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். உட்காற்றின் நீராவி அதன் அடிப்புறத்தில் துளியாகி, சட்டத்தில் வழிந்து தரைக்கு இறங்கும். காற்றுத் திறப்பு வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். தரைப் பரப்பில் 150-இல் ஒரு பங்கு திறப்பு என்பது நல்ல கணக்கு. 48 சதுர அடிக் கொட்டகைக்கு இது 46 சதுர அங்குலம் வரும். கொசுவலையும் சரிவுத் தகடுகளும் ஏறக்குறைய பாதியை அடைத்துவிடும் என்பதால் இருமடங்காக வையுங்கள்: பன்னிரண்டுக்கு நான்கு அங்குலத்தில் இரண்டு திறப்பு, ஒன்று ஒரு சுவரின் அடியில், மற்றது எதிர்ச்சுவரின் உச்சியில். இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்தால் காற்று வீசாத இரவில் ஓட்டம் இருக்காது. அப்படியும் சொட்டினால் தகரத்தின் அடியில் வெப்பக் காப்புப் பலகை ஒட்ட வேண்டியிருக்கும்.

சுவரடி ஈரம் கூரைநீரால் வருவது. பத்தடிக்கு எட்டடிக் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் சுமார் 370 லிட்டர் நீர் சேரும். ஒரே பக்கச் சரிவாக இருந்தால் அவ்வளவும் ஒரே கோட்டில் விழும். மண்ணில் விழும் நீர் சேற்றோடு ஓரடி உயரம்வரை தெறிக்கும். பலகையின் அடிப்பகுதியில் மண்கறை எவ்வளவு உயரம் இருக்கிறதோ, தெறிப்பு அவ்வளவு. கூரை விளிம்பில் நீரை ஏந்தும் பீலி கட்டி, கீழ்க்குழாயைக் கொட்டகையிலிருந்து குறைந்தது ஐந்தடி தள்ளி விடுங்கள், அல்லது பீப்பாயில் சேருங்கள். பீப்பாய் நிறைந்து வழிவதற்கும் ஒரு குழாய் வேண்டும். அது இல்லாவிட்டால் அத்தனை நீரும் சுவரடிக்கே திரும்பும். பீலிக்குப் பத்தடிக்கு அரை அங்குலம் வாட்டம் போதும். பீலி கட்ட வழியில்லையென்றால் நீர் விழும் கோட்டில் ஒன்றரை அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்புங்கள். இரண்டையும் செய்தால் இன்னும் நல்லது. கூரை விளிம்பு சுவரைத் தாண்டி ஓரடி நீண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயிண்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை முதலில் கூரை விளிம்புக்குச் செலவழியுங்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

கேள்வி: கதவின் அடியில் சாரல் புகுந்து வாசற்பலகை இற்றுவிட்டது.

பதில்: தரைப்பலகை கதவைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் அதைக் கதவின் உள்விளிம்போடு அறுத்துவிடுங்கள். வாசலில் தனிக் கட்டையாக, பத்தங்குலத்துக்கு ஓரங்குலம் வெளிப்பக்கம் சரியும் படிக்கட்டை வையுங்கள். அதன் அடிப்புறத்தில், முன்விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி, 6 மி.மீ. அகலத்தில் ஒரு காடி (நீளப் பள்ளம்) வெட்டுங்கள். காடி இருந்தால் நீர் அங்கேயே சொட்டிவிடும். இல்லாவிட்டால் அடிப்புறமாகவே ஊர்ந்து சட்டத்துக்குப் போகும். கதவு வெளியே திறப்பதாக இருந்து, அதன் அடி படிக்கட்டையைத் தாண்டித் தொங்கினால் சாரல் புகாது. கதவைக் கழற்றி அதன் அடிமுகத்துக்கும் மூன்று கோட் பெயிண்ட் அடியுங்கள். எட்டாத இடம் என்பதால் பெரும்பாலான கதவுகளில் அந்த முகம் வெறும் மரமாகவே இருக்கும். படியையோ சாய்தளத்தையோ சட்டத்தோடு ஒட்டிப் போடாமல் ஓரங்குலம் இடம் விடுங்கள்.

கேள்வி: கோழிக்கூட்டின் பிளைவுட் தரையை வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டுக் கழுவுகிறோம். ஓரங்கள் உப்பிப் பிரிகின்றன.

பதில்: கழுவுவதை நிறுத்துங்கள். எச்சத்தைச் சுரண்டி எடுத்து, உலர்ந்த மரச்சீவலோ உமியோ 4 அங்குலம் பரப்பினால் நீரில்லாமலே கூடு சுத்தமாக இருக்கும். கட்டாயம் கழுவ வேண்டுமென்றால் தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டமும், தாழ்ந்த பக்கத்தில் நீர் வெளியேறச் சந்தும் வேண்டும். பிளைவுட் எப்போதும் ஓரத்திலிருந்துதான் பிரியும். அடுக்குகளின் தலைப்பு அங்கேதான் திறந்திருக்கிறது. கொதிநீருக்கும் பிரியாத பசை போட்ட மரைன் பிளைவுட்டை, பொருத்தும் முன் நான்கு ஓரத்துக்கும் ஸ்க்ரூ துளைகளுக்கும் எப்பாக்ஸி தடவிப் போடுங்கள். பலகைக்குப் பலகை 3 மி.மீ. சந்து விடுங்கள். ரப்பர் விரிப்பை நிரந்தரமாகப் போட்டுவைக்காதீர்கள், அடியில் ஈரம் தேங்கும். கோழி கொத்தும் உட்புறங்களில் செம்பு மருந்து அடிக்க வேண்டாம்.

கேள்வி: தரையைத் தாங்கும் ஏழு குறுக்குச் சட்டங்களில் மூன்றின் தலைப்பு மக்கிவிட்டது. கொட்டகையைப் பிரிக்காமல் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். அதற்கு முன் ஈரம் எந்த வழியாக வந்தது என்று கண்டு அதை நிறுத்துங்கள். காரணத்தை விட்டுவிட்டுச் சட்டத்தை மட்டும் மாற்றினால் புதிய சட்டமும் அதே இடத்தில் போகும்.

கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு சட்டத்தையும் அரை அடிக்கு ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், குத்திய இடத்தில் நெம்பினால் நீளச் சிம்பாக எழும். கெட்ட மரத்தில் முனை இறங்கும், சிறுசிறு துண்டாக உடையும். கண்ணுக்குக் கெட்டது முடியும் இடத்திலிருந்து இன்னும் ஓரடி தள்ளிக் கோடு போடுங்கள். பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியே போயிருக்கும்.

கொட்டகையில் உள்ளதை வெளியே எடுத்துவிட்டு, மக்கிய பக்கத்தில் நல்ல அடிக்கட்டைக்குக் கீழே தடித்த பலகைமேல் ஹைட்ராலிக் ஜாக்கி வையுங்கள். ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் தூக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு மாறி மாறித் தூக்கி, உடனுக்குடன் கட்டை அடுக்கி முட்டுக்கொடுங்கள். ஒரே மூலையை ஒரேயடியாகத் தூக்கினால் கதவுச் சட்டம் கோணிக்கொள்ளும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையையோ கையையோ விடக் கூடாது.

கெட்ட பகுதியை அறுத்து அப்புறப்படுத்துங்கள். ஆறடிச் சட்டம்தான் என்பதால் துண்டு ஒட்டுவதைவிட, மருந்தேற்றிய முழுநீளச் சட்டத்தைப் பழையதோடு பக்கவாட்டில் சேர்த்து, இரு முனையும் அடிக்கட்டைகளில் உட்காரும்படி வைப்பது மேல். 16 அங்குலத்துக்கு ஒன்றாக, ஒன்று மேலே ஒன்று கீழே என மாற்றி 10 மி.மீ. போல்ட் போடுங்கள். சேர்த்த இரண்டு சட்டங்களுக்கு நடுவேயுள்ள கோடு தண்ணீர் நிற்கும் இடம். மேல்முகத்தில் இரண்டையும் மூடும்படி பியூட்டைல் டேப் (நீர் புகாத, ரப்பர் போன்ற ஒட்டு டேப்) ஒட்டுங்கள். மற்ற சட்டங்களுக்குப் போராக்ஸ் கரைசலை உடனே அடிக்கலாம். லேசாக ஈரமுள்ள மரத்தில்தான் அது நன்றாக ஊடுருவும். பெயிண்ட் அடிப்பதற்குத்தான் ஈரமானி 20 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை காத்திருக்க வேண்டும். அடிப்புறத்துக்குப் பெயிண்டே வேண்டாம்.

கேள்வி: எலியும் பூனையும் அடியில் போகின்றன. சுற்றிலும் பலகை அடித்து மூடிவிடலாமா?

பதில்: பலகையால் மூடினால் காற்று நின்றுவிடும், முன்னால் சொன்ன எல்லா வேலையும் வீணாகும். 12 மி.மீ. கண்ணுள்ள கால்வனைஸ்டு வலையைச் சுற்றிலும் அடித்து, அடியை வெளிப்பக்கம் ஓரடி மடக்கி ஜல்லிக்குள் புதையுங்கள். எலி சுவரையொட்டித் தோண்டப் பார்த்தால் வலை தடுக்கும். ஒரு பக்கத்து வலையை மட்டும் ஸ்க்ரூவில் கழற்றிப் பூட்டும்படி வைத்துக்கொண்டு, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் திறந்து உள்ளே சேர்ந்த சருகை வாரி எடுங்கள். அப்போதே டார்ச் அடித்துக் கறையான் குழாய் இருக்கிறதா என்று பிளாக்குகளைப் பாருங்கள்.